ஊரின் ஆற்றலை அளந்தறிதல்

"ஆற்றல் மூலங்களை ஆராய்ந்து அறிக்கை தருக" என்று ஆசிரியர் ஒரு குழுவிற்குப் பணி கொடுக்கிறார். குழுவில் ஐந்து மாணவர்கள். ஒருவர் சூரியனை எடுத்துக்கொள்கிறார். மற்றவர்கள் காற்று, நீர், நிலக்கரி, அணு என்று பகிர்ந்துகொள்கிறார்கள். மறுவாரம் ஐந்து வண்ணப் படங்கள் வகுப்பறைச் சுவரை அணிசெய்கின்றன. படம் வரைவது நல்ல பயிற்சியே. ஆயினும் அந்தப் படங்கள் திருச்சியில் வரைந்தாலும் திருநெல்வேலியில் வரைந்தாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றை வரைந்த மாணவரிடம், "உன் வீட்டு அடுப்பில் நாளொன்றுக்கு எத்தனை கிலோ விறகு எரிகிறது?" என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. நூலில் உள்ளதை எடுத்தெழுதுவது கல்வியின் ஒரு படி. எந்த நூலிலும் இல்லாத ஒன்றைத் தாமே அளந்தறிவது அடுத்த படி. அதற்கே ஆராய்ச்சி என்று பெயர். அந்த இரண்டாம் படியில் ஏறுவது எப்படி என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நான் ஆசிரியப் பணி ஆற்றிய இடங்களுள் கொல்லிமலையிலுள்ள திண்ணனூர் நாடும் ஒன்று. நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்து நிற்பது கொல்லிமலை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மேலே உள்ள ஊராட்சிகள் இன்றும் 'நாடு' என்னும் பழம்பெயரையே தாங்கியுள்ளன: வளவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, திண்ணனூர் நாடு என்பன அவற்றுட் சில. மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் இங்கே சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து வந்தவர்கள். இப்போது மிளகு, காப்பி, அன்னாசி, மரவள்ளி ஆகியனவும் பயிரிடுகிறார்கள். இத்தகைய ஊரில் ஆற்றல் என்பது முதலில் ஓடையிலும் உரலிலும் தலைச்சுமை விறகிலும் கண்ணுக்குத் தெரிவது. ஆகவே அதனை ஆராய இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை.

மாணவர் குழுவாகச் சேர்ந்து ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, திட்டமிட்டு, செய்து பார்த்துக் கற்கும் முறையைச் செயல்திட்ட முறை என்று ஆசிரியப் பயிற்சியில் படித்திருக்கிறோம். அமெரிக்கக் கல்வியறிஞர் கில்பாட்ரிக் 1918-ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதினார். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலின் வழியே அறிவை வளர்க்கும் கருத்தையே கொண்டது. நம் நாட்டில் 1993 முதல் நடைபெற்றுவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இம்முறைக்கு ஒரு நல்ல அரங்கம். பத்து முதல் பதினேழு வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் குழுவாகச் சேர்ந்து, தம் ஊரிலுள்ள ஒரு செய்தியை ஆய்ந்து, மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் எடுத்துரைக்கலாம். தமிழகத்தில் இப்பணியைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் முன்னின்று நடத்தி வந்திருக்கிறது. 2012, 2013 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் மாநாட்டின் பொதுத் தலைப்பு ஆற்றல் என்பதே. அப்போது நான் வழிகாட்டிய மலைநாட்டுக் குழுவொன்றின் வேலைமுறையை அடிப்படையாகக் கொண்டே இனி வருவனவற்றைச் சொல்கிறேன்.

அளப்பதற்கு முதலில் அளவுகோல் வேண்டும். நெல்லை மரக்காலால் அளக்கிறோம். பாலைப் படியால் அளக்கிறோம். ஆற்றலை ஜூல் என்னும் அலகால் அளக்கிறார்கள். ஒரு கிலோகிராம் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் ஏறத்தாழப் பத்து ஜூல் செலவாகிறது. இது மிகச் சிறிய அலகு. ஆகவே நம் வீட்டு மின்கணக்கில் 'யூனிட்' என்ற பெரிய அலகு வழங்குகிறது. ஒரு யூனிட் என்பது 36 இலட்சம் ஜூல். ஆயிரம் வாட் மின்கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். விறகு, நீர், வெயில், மனித உழைப்பு ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரே அலகிற்கு மாற்றிவிட்டால், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க இயலும். குழுவின் முதற்பாடம் இதுவே.

இரண்டாவது பாடம் இவ்வாற்றல்களின் பிறப்பிடம் பற்றியது. விறகில் இருப்பது இலைகள் சேர்த்துவைத்த சூரிய ஒளி. நெய்வேலியில் தோண்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியில் இருப்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தாவரங்கள் சேர்த்த ஒளி. வெயில் கடல்நீரை ஆவியாக்கி மேலேற்ற, அது மழையாகி மலைமேல் விழுந்து ஓடையாக இறங்குகிறது. நிலமும் கடலும் ஏற்றத்தாழ்வாகச் சூடேறுவதால் காற்று வீசுகிறது. எனவே விறகும் நிலக்கரியும் நீரும் காற்றும் ஒரே சூரியனின் பல வடிவங்கள். அணு ஆற்றல் மட்டும் இக்குடும்பத்தைச் சேராதது. அது கனமான அணுக்களின் கரு பிளவுபடுவதால் பிறப்பது.

இனி அளக்கும் வேலைக்கு வருவோம். எங்கள் குழு அடுப்பிலிருந்து தொடங்கியது. ஒரு வீட்டில் காலையில் விறகுக் கட்டைச் சுருள்வில் தராசில் நிறுத்தி எழுதிக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை அதே நேரத்தில் எஞ்சிய விறகை நிறுக்க வேண்டும். வேறுபாடே அன்றைய செலவு. இப்படி ஏழு நாட்கள் நிறுத்துச் சராசரி காண வேண்டும். ஒரே நாள் அளவு போதாது. விருந்தாளி வந்த நாளும் மழை பெய்த நாளும் கணக்கைப் புரட்டிவிடும். ஈர விறகையும் காய்ந்த விறகையும் தனித்தனியே குறிக்க வேண்டும். ஈர விறகின் வெப்பத்தில் ஒரு பகுதி அதிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடுகிறது.

காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ நாலரை யூனிட் வெப்பம் பிறக்கிறது. ஆனால் மூன்று கல் கூட்டிய திறந்த அடுப்பில் அவ்வெப்பத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கே பானையைச் சேர்கிறது. மற்றது புகையோடும் காற்றோடும் போகிறது. இதனை ஒரு சமையல் எரிவாயு உருளையோடு ஒப்பிடுங்கள். உருளையில் உள்ள வாயு 14.2 கிலோ. அதில் அடங்கிய வெப்பம் ஏறத்தாழ 180 யூனிட். அதில் நூற்றுக்கு அறுபது பங்கு பாத்திரத்தைச் சேர்வதாகக் கொண்டால் 110 யூனிட் அளவு பயனாகிறது. இதே பயனைத் திறந்த அடுப்பில் பெற ஏறத்தாழ 200 கிலோ விறகு வேண்டும். தலைக்கு 20 கிலோ சுமை என்றால் பத்துச் சுமைகள். புகைபோக்கி வைத்த நல்ல அடுப்பு ஒன்று கட்டி, அதனால் விறகுச் செலவு பாதியானால், ஐந்து சுமைகள் குறையும். கண்ணெரிச்சலும் இருமலும் குறையும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த மாணவர், விறகைப் பற்றி ஒரு வண்ணப்படம் வரைந்தவரைவிட அதிகம் கற்றவர் ஆவார்.

இந்த இடத்தில் எங்கள் குழுவின் ஒரு மாணவி கேட்ட கேள்வியைக் குறிப்பிட வேண்டும். சூரியன், காற்று, நீர், விறகு, மின்சாரம் என்று பட்டியலிட்டுக்கொண்டிருந்தோம். அவள் எழுந்து, "சார், உலக்கை எந்தப் பட்டியல்?" என்றாள். உலக்கையை இயக்குவது அவளுடைய தாயின் தோள். நாங்கள் எழுதிய பட்டியலில் மனித உழைப்பிற்கு இடமே இல்லை. பாடநூல்களின் பட்டியல்களிலும் பெரும்பாலும் அது இடம்பெறுவதில்லை. அன்றே அதனைப் பட்டியலின் முதல் வரியில் எழுதினோம்.

மனித ஆற்றலையும் அளக்கலாம். உடல்வலிமை உள்ள ஒருவர் களைப்பின்றித் தொடர்ந்து உழைக்கும்போது ஏறத்தாழ 75 வாட் அளவு வேலை செய்கிறார் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் ஒரு யூனிட் அளவு வேலைக்கு அவர் பதின்மூன்று மணி நேரத்திற்கு மேல் உழைக்க வேண்டும். மற்றொரு கணக்கும் பாருங்கள். 50 கிலோ எடையுள்ள பெண்மணி 20 கிலோ விறகைச் சுமந்து 100 மீட்டர் உயரம் ஏறுகிறார். அவர் தூக்கிய எடை 70 கிலோ. செய்த வேலை 68,600 ஜூல். இவ்வாறு ஐம்பது தடவைக்கு மேல் ஏறினால்தான் ஒரு யூனிட் ஆகும்! நாம் ஒரு சுவிட்சைத் தட்டி மறந்துபோகும் ஒரு யூனிட்டிற்குள் எத்தனை ஏற்றங்கள் அடங்கியிருக்கின்றன என்பதை இதனால் உணரலாம்.

கொல்லிமலையின் சாமைக்கும் இந்தக் கணக்கிற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சாமையின் உமி கடினமானது. நெல்லைவிடத் தானியம் மிகச் சிறியது. அதனை உரலில் இட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மீண்டும் குத்தி அரிசியாக்குவது பெண்களின் தலையில் விழுந்த பெருஞ்சுமை. மலையில் சாமை விளையும் நிலம் சுருங்கியதற்கு, மரவள்ளி போன்ற பணப்பயிர்களின் வருகையோடு, இந்த உழைப்பின் கடுமையும் ஒரு காரணம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியை மேற்கொண்டபோது, விதை கொடுத்ததோடு நிற்கவில்லை. சாமையின் உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களில் நிறுவி, உதவிக் குழுக்களே நடத்துமாறு ஏற்பாடு செய்தது. ஓர் இயந்திரத்திற்குச் செல்லும் சிறிதளவு மின்சாரம், ஒரு பயிர் வயலில் நிலைக்குமா மறையுமா என்பதையே மாற்ற வல்லது. ஆகவே ஆற்றலை ஆராயும் குழு, "எந்த மூலம் சிறந்தது?" என்று கேட்பதற்கு முன், "எந்த வேலைக்கு? அந்த வேலையை இப்போது யார் செய்கிறார்?" என்று கேட்க வேண்டும்.

அடுத்து ஓடை. கொல்லிமலையின் ஐயாறு, ஆகாய கங்கையாக ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அங்கே 1000 லிட்டர் நீர் விழும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழக் கால் யூனிட். அருவியின் முழக்கத்தைக் கேட்டவர்களுக்கு இந்த எண் வியப்பாக இருக்கும். நீராற்றலுக்கு நீரின் அளவும் வேண்டும், விழும் உயரமும் வேண்டும், இடையறாத ஓட்டமும் வேண்டும் என்பதே இதன் பொருள்.

சிறிய ஓடையை அளப்பது எளிது. நீர் முழுவதும் ஒரு குழாய் வழியாக விழும்படி செய்து, அளவு தெரிந்த வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். பெரிய ஓடையானால், நேராக ஓடும் பத்து மீட்டர் தூரத்தைத் தேர்ந்து, அகலத்தையும் சராசரி ஆழத்தையும் அளந்து, ஒரு காய்ந்த சுள்ளியை மிதக்கவிட்டு, அது கடக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். அடிநீர் மெதுவாக ஓடுவதால், கிடைத்த வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கையே கணக்கில் கொள்ள வேண்டும். ஓடையில் விநாடிக்கு 5 லிட்டர் நீர் ஓடுகிறது, 20 மீட்டர் உயரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5-ஐயும் 9.8-ஐயும் 20-ஐயும் பெருக்கினால் 980 வாட். குழாயிலும் சுழலியிலும் பாதி வீணாகும் என்றாலும் 490 வாட் எஞ்சும். பத்து வாட் விளக்குகள் 49 எரியும். ஆனால் இவ்வளவை ஐப்பசியில் மட்டும் எடுத்தால் ஏமாந்துபோவோம். சித்திரையிலும் அளக்க வேண்டும். ஓடையின் உண்மையான ஆற்றல் அது மெலிந்த மாதத்தில் தெரியும்.

தமிழகத்தின் மின்சார வரலாற்றில் மலைநீருக்கு முதன்மையான இடம் உண்டு. நீலகிரியின் பைக்காரா நீரை 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து இறக்கி, 1932-இல் மின்சாரம் எடுத்தார்கள். கோயம்புத்தூரின் பஞ்சாலைகள் பெருகியதில் அம்மின்சாரத்திற்குப் பெரும்பங்கு உண்டு. பின்னர் மேட்டூரும் பாபநாசமும் குந்தாவும் வந்தன. கொல்லிமலையிலும் ஓடைகளைத் தடுத்து, நீரை அடிவாரத்திற்கு இறக்கி, 20 மெகாவாட் மின்சாரம் எடுக்கத் தமிழ்நாடு மின்வாரியம் திட்டம் வகுத்தது. இத்தகைய திட்டத்தை ஆராயும் மாணவர் இரண்டு பக்கங்களையும் எழுத வேண்டும். புகையில்லை, எரிபொருட் செலவில்லை என்பது ஒரு பக்கம். அதே நீர் மேலே வயலுக்கும் குடிநீருக்கும் அருவிக்கும் வேண்டும். கீழே ஐயாற்றுப் பாசனத்திற்கும் வேண்டும் என்பது மறுபக்கம். எந்த மாதத்தில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்ற அளவுப் பட்டியல் கையில் இருந்தால், இந்த வழக்கை ஆத்திரமின்றிப் பேசலாம். மூன்றாண்டுகள் தொடர்ந்து ஓடையை அளந்த மாணவர் குழுவின் நோட்டுப் புத்தகம் ஓர் ஊராட்சிக்குப் பெருஞ்செல்வம் அன்றோ!

வெயிலையும் காற்றையும் பொறுத்தவரை, அளவைப் போலவே நேரமும் முக்கியம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஏறத்தாழ 1000 வாட் ஆற்றல் விழுகிறது. நல்ல சூரியத் தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கித் தருகிறது. ஆனால் மார்கழி மாதத்தில் மலைமேல் மூடுபனி இறங்கினால் அளவு குறையும். காற்றின் குணமோ வேறு. அதன் வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்காகும். ஆகவேதான் கணவாய்களில் வேகமெடுத்து வீசும் காற்றைத் தேடி, ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல எழுந்தன. தமிழகத்தின் காற்றாலைகளின் மொத்தத் திறன் இன்று 10,000 மெகாவாட்டிற்கும் மேல். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் அமைந்த சூரிய மின்நிலையத்தின் திறன் 648 மெகாவாட். எனினும் காற்று வைகாசி முதல் புரட்டாசி வரை மிகுந்து பிறகு தளர்கிறது. வெயில் மாலையில் மறைகிறது. நாம் விளக்கேற்றுவதோ மாலையில்தான். மிஞ்சும் நேரத்து ஆற்றலைச் சேமித்து, தட்டும் நேரத்திற்குக் கொடுக்க வேண்டும். ஆனைமலைப் பகுதியிலுள்ள காடம்பாறையில், மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேலணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். பத்தாயத்தில் நெல் சேர்ப்பது போன்றதே இது.

நிலக்கரியும் அணுவும் வேளை பாராமல் மின்சாரம் தர வல்லவை. நெய்வேலி நிறுவனம் 1956-இல் தோன்றியது; 1962-இல் அங்கே மின்சாரம் பிறந்தது. கல்பாக்கத்தில் 1983-இலும் கூடங்குளத்தில் 2013-இலும் முதல் உலைகள் இயங்கத் தொடங்கின. இவற்றின் பயனை எழுதும்போது, ஒன்று சாம்பலையும் கரியமில வாயுவையும் விட்டுச் செல்கிறது, மற்றொன்று நெடுங்காலம் காக்கவேண்டிய கதிரியக்கக் கழிவை விட்டுச் செல்கிறது என்பதையும் உடன் எழுத வேண்டும்.

அளந்ததை எடுத்துரைப்பதற்கும் முறை உண்டு. முதலாவது, ஒவ்வோர் எண்ணோடும் இடம், நாள், அளந்த கருவி ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு மூலத்திற்கும் நான்கு கேள்விகளுக்கு விடை தர வேண்டும்: எவ்வளவு கிடைக்கும், எப்போது கிடைக்கும், எந்த வேலைக்கு உதவும், அதன் சுமை யார்மேல் விழும்? மூன்றாவது, அளக்காமல் ஊகித்ததை ஊகம் என்றே சொல்ல வேண்டும். நான்காவது, குழுவில் யாரை எழுப்பிக் கேட்டாலும் முழு ஆய்வையும் விளக்க வேண்டும். "அது அவனுடைய பகுதி" என்ற விடை குழுவிற்கு அழகன்று. அடுப்பை அளந்தவர் ஓடையின் கணக்கைப் போட்டுக்காட்ட வேண்டும். ஓடையை அளந்தவர் அடுப்பின் கணக்கைச் சொல்ல வேண்டும்.

இவை அனைத்திற்கும் மேலாக, நகரத்து மேடைக்குப் போகுமுன் சொந்த ஊரின் முன் பேச வேண்டும். எங்கள் குழு அவ்வாறே செய்தது. யார் வீட்டு விறகை நிறுத்தார்களோ அந்த வீட்டுத் தாய்மார்களே முதல் அவையினர். கடினமான கேள்விகள் அந்த அவையிலிருந்துதான் வந்தன. "புது அடுப்பில் பெரிய பானை உட்காருமா? மழைநாளில் குளிர்காய எங்கே போவது?" என்று கேட்டார்கள். அடுப்பு சமைப்பதற்கு மட்டுமன்று, வீட்டைச் சூடாக்கவும், கூரையில் தொங்கும் விதைக் கதிர்களைப் புகையூட்டிக் காக்கவும் பயன்படுகிறது என்பதை அன்று மாணவர்கள் அறிந்தார்கள். அதன்பின் அறிக்கையில் ஒரு பக்கம் கூடியது.

மாணவர் ஆய்வால் ஊருக்கு என்ன ஆகிவிடும் என்று சிலர் எண்ணக்கூடும். கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி, தெருவிளக்கிற்கும் குடிநீர் இறைப்பதற்கும் ஆகும் மின்செலவைக் கணக்கிட்டுப் பார்த்து, 2006-ஆம் ஆண்டில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைத் தன் சொத்தாக்கிக்கொண்டது. செலவைக் கணக்கிட்டதே அதன் தொடக்கம். கணக்கிடும் பழக்கமோ பள்ளியில் தொடங்குவது.

ஆகவே, மாணவ நண்பர்களே, ஆற்றலைப் பற்றிய பணி உங்கள் கைக்கு வரும்போது, நூலகத்திற்குச் செல்லுங்கள். ஆனால் ஒரு தராசும் ஒரு கடிகாரமும் ஓர் அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு உங்கள் தெருவிற்கும் செல்லுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் வீட்டு மின்கணக்கையும் மாடிக்கு நீரேற்றும் மோட்டாரையும் அளக்கலாம். வயலோரத்தில் இருப்பவர்கள் பம்புசெட்டை அளக்கலாம். நீங்கள் எழுதும் முதல் எண் உங்கள் ஊரின் எண்ணாக இருக்கட்டும். அந்த எண்ணின் பின்னால் உழைக்கும் ஒருவர் இருப்பார். அவருடைய சுமை எவ்வாறு குறையும் என்பதைக் காட்டுவதே உங்கள் ஆராய்ச்சியின் முடிவாக இருக்கட்டும்.